முகிலில் அழியும் கோப்புகளும் மீட்புக்கான கால அவகாசமும்

2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் முகிற் கணிமைக் கட்டமைப்பு, ரான்சம்வெயார் எனப்படும் கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு இலக்காகியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் இதனால் பாதிக்கப்பட்டன. மே 17 ஆம் திகதி முதல் ஓகஸ்ட் 26 ஆம் திகதி வரையான கடிதப் போக்குவரத்து இழக்கப்பட்டது. கட்டமைப்பு அரை நாளுக்குள் மீண்டும் இயங்க ஆரம்பித்த போதிலும், மூன்று மாதங்களுக்கும் மேற்பட்ட காலத்துக் கடிதங்கள் திரும்பி வரவில்லை. அந்தக் காலப்பகுதிக்குரிய, பயன்படுத்தக்கூடிய காப்புப் பிரதி எதுவும் எஞ்சியிருக்கவில்லை என்பதே அதற்கான காரணமாகும்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 2021 ஜூலை மாதத்தில், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் அதே அரசாங்க முகிலிலிருந்து அழிக்கப்பட்ட விவகாரம் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தையும் நீதிமன்றத்தையும் எட்டியமை வாசகர்கள் அறிந்ததே. இவ்விரு சம்பவங்களின் பின்னரும் பொதுமக்கள் மத்தியில் இருவேறு எண்ணங்கள் நிலவுவதை நாம் அவதானிக்கின்றோம். முகிலில் ஏற்றிய கோப்பு எக்காலத்திலும் தொலையாது என்போர் ஒரு சாரார். அங்கே அழிந்த கோப்பு அழிந்ததுதான், நிபுணராலும் ஒன்றும் செய்யவியலாது என்போர் மறு சாரார். உண்மை நிலை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. முகிலில் நிகழும் பெரும்பாலான அழிப்புகளுக்கு ஒரு கால அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தின் நீளம், கோப்பு அழிவதற்கு முன்னரே, பல சந்தர்ப்பங்களில் அதனை நிர்வகிப்பவர் அறியாமலேயே, தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது.

முதலில் அழித்தல் என்பது யாது எனப் பார்ப்போம். உலகின் பல நிறுவனங்கள் பயன்படுத்தும் அமேசன் எஸ்-3 சேமிப்பகத்தை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். 2006 மார்ச்சில் ஆரம்பிக்கப்பட்ட இச்சேவையில், கோப்புகள் பக்கெட் எனப்படும் கொள்கலன்களில் வைக்கப்படுகின்றன. 2010 ஆம் ஆண்டிலே பதிப்புப் பேணல் என்னும் வசதி இதில் சேர்க்கப்பட்டது. இவ்வசதி இயக்கப்பட்டுள்ள பக்கெட் ஒன்றில் ஒரு கோப்பை அழித்தால் அக்கோப்பு உண்மையில் அழிவதில்லை. அதன் மேல் அழிப்புக் குறி ஒன்று மட்டும் வைக்கப்படுகின்றது. காணிப் பதிவகத்திலே பழைய பதிவொன்றை இரத்துச் செய்யும் எழுதுவினைஞர் அதன் மேல் சிவப்பு மையினால் கோடிடுவதைப் போன்றது இது. கோட்டின் கீழே எழுத்து அப்படியே இருக்கும். பட்டியலைப் பார்ப்பவரின் கண்ணுக்குக் கோப்பு தென்படாது; ஆயினும் அந்தக் குறியை அகற்றினால் கோப்பு முன்பிருந்த இடத்திலேயே மீண்டும் தோன்றிவிடும்.

ஆனால் இவ்வசதி இயல்பாக இயங்கும் ஒன்றல்ல. பக்கெட்டின் உரிமையாளர் அதனை இயக்கியிருத்தல் வேண்டும். இயக்கப்படாத பக்கெட்டில் அழிக்கப்பட்ட கோப்பு நிரந்தரமாகவே போய்விடுகின்றது. கோப்பு அழிந்த பின்னர் அவசர அவசரமாக இவ்வசதியை இயக்குவதனால் பயனேதும் இல்லை. விபத்தின் பின்னர் காப்புறுதிப் பத்திரம் எடுக்கச் சென்றவரின் நிலைதான் அது.

பத்துக் கோப்புகளை மீட்பதாயின் இணைய உலாவியில் ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து குறியை அகற்றி விடலாம். இரண்டு இலட்சம் கோப்புகள் எனில் என் செய்வது? கவனக்குறைவினால் நிகழும் அழிப்புகள் பெரும்பாலும் இத்தகைய பெருந்தொகையிலேயே நிகழ்கின்றன. தமது கணனியிலுள்ள கோப்புறையையும் முகிலையும் ஒத்திசைக்கும் கட்டளை ஒன்று உண்டு. இங்கு இல்லாதவற்றை அங்கும் அழித்துவிடு என்னும் தெரிவை அதனுடன் சேர்க்க முடியும். வன்றட்டு பழுதடைந்து கோப்புறை வெறுமையாக இருக்கும் வேளையில் இக்கட்டளை தன் வழமையான நேரத்தில் இயங்கினால், வெறுமையே முகிலிலும் பிரதி செய்யப்படும். ஓரிரு நிமிடங்களில் பல ஆண்டுகளின் சேகரிப்பு கண்ணுக்கு மறைந்துவிடும்.

இவ்விடத்திலேதான் கட்டளை வரியும் ஸ்கிரிப்டும் தேவைப்படுகின்றன. சுட்டியால் அழுத்தாமல் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்து கணனியை இயக்கும் முறை கட்டளை வரி எனப்படும். அத்தகைய கட்டளைகள் பலவற்றை ஒரு கோப்பிலே எழுதி வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே இயங்கச் செய்வது ஸ்கிரிப்ட் ஆகும். அமேசனின் சேவை ஒரு வினவலுக்கு அதிகபட்சம் 1,000 பதிவுகளையே திருப்பித் தருகின்றது. எனவே ஸ்கிரிப்டானது ஆயிரம் ஆயிரமாகப் பட்டியலைக் கேட்டுப் பெற்று, அவற்றுள் அழிப்புக் குறியை மேலே கொண்டுள்ளவற்றைப் பிரித்தெடுத்து, அக்குறிகளை ஒவ்வொன்றாக அகற்றிச் செல்கின்றது. மனிதர் ஒருவர் மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை சில மணித்தியாலங்களில் முடிவடைகின்றது.

இதில் ஓர் ஆபத்து மறைந்திருப்பதை இங்கு அழுத்திக் கூற வேண்டியுள்ளது. அழிப்புக் குறியை அகற்றுவதற்கென அமேசனில் தனியான மீட்புக் கட்டளை கிடையாது. குறியையும் ஓர் அழிப்புக் கட்டளையினாலேயே அகற்ற வேண்டும். அக்கட்டளைக்குக் குறியின் பதிப்பு இலக்கத்தைக் கொடுத்தால் கோப்பு உயிர்பெறும். தவறுதலாக உண்மையான கோப்பின் பதிப்பு இலக்கத்தைக் கொடுத்து விட்டாலோ அந்தப் பதிப்பு நிரந்தரமாக அழிந்துவிடும். உங்களுக்கு நிச்சயமா என்று அது கேட்பதில்லை. இணையத்தில் எவரோ எழுதி வைத்த மீட்பு ஸ்கிரிப்டை வாசித்துப் பாராமல் நகலெடுத்து இயக்குபவர், சிவப்புக் கோட்டை அழிப்பதாக எண்ணிக் கொண்டு பதிவேட்டின் பக்கத்தையே கிழித்தெறியக்கூடும்.

ஆகவே அனுபவமுள்ளோர் இரு கட்டங்களாகவே இவ்வேலையைச் செய்வர். முதற் கட்டத்தில் ஸ்கிரிப்ட் எதனையும் மாற்றாது. என்னென்ன செய்யப்படவுள்ளது என்ற பட்டியலை மாத்திரம் ஒரு கோப்பில் எழுதும். அப்பட்டியலை மனிதர் ஒருவர் வாசித்து, நாலைந்து கோப்புகளில் பரீட்சித்துப் பார்த்த பின்னரே இரண்டாங் கட்டம் இயக்கப்படும். பட்டியலில் காணப்படும் நேரங்கள் சர்வதேச நியம நேரத்தில் உள்ளவை என்பதும் நினைவிருக்க வேண்டும். இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. காலை 9 மணிக்கு அழிந்த கோப்பு பட்டியலில் அதிகாலை 3.30 எனவே காணப்படும். இதனை மறந்து நேர எல்லையை வகுத்தால் வேண்டாத கோப்புகள் மீட்கப்பட்டு, வேண்டியவை விடுபட்டுப் போகும்.

இதனிலும் பாதுகாப்பான வழியொன்றும் உண்டு. ஆர்குளோன் எனும் இலவச, திறந்த மூல மென்பொருள் பல்வேறு முகிற் சேவைகளுடன் கட்டளை வரி மூலம் உரையாட வல்லது. குறிப்பிட்டதொரு நாளில், குறிப்பிட்டதொரு நேரத்தில் எஸ்-3 பக்கெட் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே அதனைக் காட்டும் தெரிவு ஒன்று இதில் உள்ளது. அத்தெரிவுடன் இயங்கும்போது எழுதுவதற்கோ அழிப்பதற்கோ மென்பொருளே இடமளிப்பதில்லை. அழிவுக்கு முந்திய நாளின் தோற்றத்தை வேறொரு வன்றட்டுக்குப் பிரதி செய்து கொள்ளலாம். மூலத்திலே ஒரு குறியும் அசையாது. மின்சாரமோ இணைய இணைப்போ நடுவில் துண்டிக்கப்பட்டால் அதே கட்டளையை மீண்டும் இயக்கினாற் போதும், ஏலவே பிரதியானவற்றை விட்டுவிட்டு மிகுதியை அது தொடரும். 2022 இன் மின்வெட்டு நாட்களைக் கண்ட நம் நாட்டவர்க்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

மீட்பதற்கு எவ்வளவு காலம் இருக்கின்றது என்பதே அடுத்த கேள்வி. பழைய பதிப்புகளும் இடத்தைப் பிடிப்பவை. இடத்திற்குப் பணம் கட்ட வேண்டும். எனவே பல நிறுவனங்கள் 30 நாட்களின் பின் பழைய பதிப்புகளைத் தாமாகவே அகற்றும் விதியொன்றைப் பக்கெட்டில் எழுதி வைத்திருக்கின்றன. இவ்விதி ஆளில்லாமலே நாள்தோறும் இயங்கும். கோப்புகள் காணாமற் போனது தெரிந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை மீட்பு ஸ்கிரிப்டைத் தேடுவதன்று. இவ்விதியை நிறுத்தி வைப்பதே முதல் வேலை. அழிப்பு நிகழ்ந்து 29 ஆம் நாளில் விடயம் தெரிய வந்து, 30 ஆம் நாள் கூட்டம் கூடி ஆராயப்பட்டு, 31 ஆம் நாள் அனுமதி கிடைப்பதாயின் மீட்பதற்கு எதுவும் இராது.

ஏனைய நிறுவனங்களின் ஏற்பாடுகள் சிறிது வேறானவை. கூகுள் நிறுவனம் தனது வர்த்தக முகிற் சேமிப்பகத்தில், அழிந்தவற்றை 7 நாட்கள் தடுத்து வைக்கும் முறையை 2024 மார்ச் முதல் இயல்பாகவே வழங்கி வருகின்றது. இதனை 90 நாட்கள் வரை நீடிக்கலாம். மைக்ரோசொப்டின் அஷூர் சேமிப்பகத்தில் இதனை ஒரு நாள் முதல் 365 நாட்கள் வரை அமைத்துக் கொள்ள முடியும். இவ்விரு சேவைகளிலும் மீட்பதற்கெனத் தனியான கட்டளைகள் உண்டு.

அழிக்கப்படாமல் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்ட கோப்புகளின் கதை வேறு. நாள்தோறும் தேவைப்படாத கோப்புகளை மலிவான அடுக்கிலே வைப்பதற்கு அமேசன் 2012 இல் கிளேசியர் சேவையை ஆரம்பித்தது. இதன் மிக ஆழமான அடுக்கிலே ஒரு டெராபைட்டை வைத்திருப்பதற்கு, அமெரிக்கப் பிரதேசக் கட்டணப்படி, மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு டொலர் மட்டுமே செலவாகும். ஆயினும் அங்குள்ள கோப்பை நினைத்தவுடன் திறக்க முடியாது. முதலில் ஒரு வேண்டுகோள் விடுக்க வேண்டும். சாதாரண முறையில் 12 மணித்தியாலங்களுக்குள்ளும், மலிவான மொத்த முறையில் 48 மணித்தியாலங்களுக்குள்ளும் கோப்பின் தற்காலிகப் பிரதியொன்று வெளியே வரும். நாம் வேண்டுகோளிற் குறிப்பிட்ட நாட்கள் முடிந்ததும் அப்பிரதி மறைந்துவிடும். ஆகவே இதற்கான ஸ்கிரிப்ட், வேண்டுகோள் விடுத்து, காத்திருந்து, இடையிடையே நிலைமையை விசாரித்து, பிரதி வெளிவந்ததும் அதனை வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும். வேண்டுகோளை மட்டும் அனுப்பிவிட்டு நீண்ட விடுமுறையிற் சென்றவர் திரும்பி வந்து மீண்டும் பணம் கட்ட நேரும்.

பணத்தைப் பற்றியும் கூற வேண்டும். மாதம் ஒரு டொலருக்கு வைத்திருந்த அதே டெராபைட்டை இணையத்தினூடாகத் தம் கணனிக்குத் தருவிப்பதற்கு, மேற்படி கட்டண அட்டவணையின்படி, கிகாபைட் ஒன்றுக்கு 9 சதம் வீதம் 90 டொலரளவில் செலவாகும். உள்ளே செல்வதற்குக் கட்டணமில்லாத, வெளியே வருவதற்குக் கட்டணமுள்ள வாசல் இது. டொலரின் பெறுமதி எவ்வாறு மாறும் என்பதை அனுபவத்தால் அறிந்த நம் நாட்டு நிறுவனங்கள், வைப்பதற்கான செலவோடு எடுப்பதற்கான செலவையும் ஆரம்பத்திலேயே கணக்கிட்டுக் கொள்வது நல்லது.

வீடுகளிலும் சிறு அமைப்புகளிலும் பாவனையிலுள்ளவை இத்தகைய பெருஞ் சேவைகள் அல்ல. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பொக்ஸ் போன்றவையே அங்கு அதிகம். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் இடப்பட்டவை 30 நாட்களின் பின் தாமாகவே நீங்கிவிடுகின்றன. 2020 ஒக்டோபருக்கு முன்னர் அவை காலவரையறையின்றி அங்கேயே இருந்தன என்பதனால், இன்றும் அவ்வாறே இருக்குமென நம்புவோர் உளர். ஒன்டிரைவில் தனியார் கணக்குகளுக்கு 30 நாட்களும், அலுவலக மற்றும் பாடசாலைக் கணக்குகளுக்கு இயல்பான அமைப்பின்படி 93 நாட்களும் உண்டு. டிராப்பொக்ஸின் இலவசக் கணக்குகளுக்கு 30 நாட்கள். மேற்சொன்ன ஆர்குளோன், கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியிலுள்ள ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரே கட்டளையில் உரிய கோப்புறைகளுக்கு மீட்கக் கூடியது. அங்கும் முதலில் ஒத்திகைத் தெரிவுடன் இயக்கி, என்ன நிகழும் எனப் பார்த்துக் கொள்வதே முறை.

கோப்பு முகிலைச் சென்றடையாமலே போவதும் உண்டு. 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் கணனிச் செயலியைப் பயன்படுத்திய சிலர், தமது அண்மைக்காலக் கோப்புகள் காணாமற் போனதாக முறையிட்டனர். அச்செயலியின் 84 ஆம் பதிப்பிலேயே கோளாறு இருந்தது. கூகுள் வெளியிட்ட புதிய பதிப்பில் மீட்புக் கருவியொன்று சேர்க்கப்பட்டதுடன், அதனைக் கட்டளை வரி மூலம் இயக்கும் வழியும் அறிவிக்கப்பட்டது. அக்கருவி தேடியது பயனாளரின் சொந்தக் கணனியின் உள்ளேயே ஆகும். கணக்கைத் துண்டிக்க வேண்டாம், செயலியின் தரவுக் கோப்புறையை அழிக்கவோ நகர்த்தவோ வேண்டாம் என்று கூகுள் கேட்டுக் கொண்டதன் காரணமும் அதுவே. பதற்றத்தில் செயலியை நீக்கி மீண்டும் நிறுவ முற்படுவது எஞ்சியிருந்த பிரதியையும் தொலைப்பதாகவே முடியும்.

ஸ்கிரிப்ட் எழுதுவோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய சம்பவம் ஜப்பானில் நிகழ்ந்தது. 2021 டிசம்பர் 14 முதல் 16 வரையான நாட்களில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணனிச் சேமிப்பகத்திலிருந்து 77 டெராபைட் அளவிலான, 3 கோடியே 40 இலட்சம் ஆராய்ச்சிக் கோப்புகள் அழிந்தன. தாக்கியவர் எவரும் இல்லை. பழைய பதிவுக் குறிப்புகளை மட்டும் அகற்ற வேண்டிய காப்புப் பிரதி ஸ்கிரிப்ட் ஒன்று இயங்கிக் கொண்டிருக்கையில், அதன் திருத்திய வடிவம் அதன் மேலேயே எழுதப்பட்டது. ஸ்கிரிப்டை இயக்கும் பாஷ் எனும் நிரல் முழுவதையும் ஒரே தடவையில் வாசித்து வைத்துக் கொள்வதில்லை; இயங்க இயங்கவே வாசித்துச் செல்கின்றது. நடுவழியில் புதிய வடிவத்துக்குள் புகுந்த அது, எந்தக் கோப்புறை என்பதைச் சொல்லும் மாறிகள் வெறுமையாக இருந்த நிலையில், அழிப்புக் கட்டளையை நிறைவேற்றியது. பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் 4 குழுக்களின் தரவுகளைக் காப்புப் பிரதியிலிருந்தும் மீட்க முடியவில்லை. கோப்புகளைக் காப்பதற்கென எழுதப்பட்ட ஸ்கிரிப்டே அவற்றை அழித்தது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

எந்த ஸ்கிரிப்டினாலும் மீட்க முடியாத இழப்புகளும் உள்ளன. 2025 செப்டெம்பர் 26 ஆம் திகதி தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலத்திலிருந்து தீ பரவியது. அரச ஊழியர்கள் தமது அலுவலக ஆவணங்களை வைத்திருந்த ஜி-டிரைவ் எனும் முகிற் சேமிப்பகம் எரிந்து போனது. அதிலிருந்த 858 டெராபைட் தரவுக்கு வெளியே காப்புப் பிரதி இருக்கவில்லை. கொள்ளளவு மிகப் பெரிதாக இருந்தமையே அதற்குக் கூறப்பட்ட காரணமாகும். தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாட்டுக்கு நேர்ந்த கதி இது. பதிப்புப் பேணலும் குப்பைத் தொட்டியும் ஒரே கட்டடத்திலே இருந்தால் அவையும் சேர்ந்தே எரியும்.

ஆவணங்களை இழப்பது எத்தகையது என்பதை நமது மக்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1981 இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏடுகளுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பல, காணி உறுதிகளைக் கூட எடுத்துச் செல்ல இயலாத நிலையிலேயே புறப்பட்டன. 2004 டிசம்பரில் கிழக்குக் கரையோரத்தில் ஆழிப்பேரலை அடித்துச் சென்றவற்றுள் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களும் அடங்கும். எஞ்சியவற்றை இன்று வருடி எடுத்து, புலம்பெயர்ந்த உறவினரின் உதவியுடன் முகிலில் ஏற்றி வைக்கும் குடும்பங்களும், பள்ளிவாசல் நிர்வாக சபைகளும், ஆலய பரிபாலன சபைகளும், பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும் பெருகி வருகின்றன. வரவேற்கத்தக்க இம்முயற்சிகளில் பல, ஒரே ஒருவரின் தனிப்பட்ட கணக்கிலே தங்கியிருப்பதுதான் நம்மைக் கவலை கொள்ளச் செய்கின்றது.

இவ்வமைப்புகளுக்குப் பெருஞ் செலவு தேவையில்லை. முகிலிலுள்ளவற்றை மாதம் ஒருமுறை ஆர்குளோன் மூலம் வெளி வன்றட்டு ஒன்றுக்குப் பிரதி செய்து, பின்னர் அதனைக் கணனியிலிருந்து கழற்றி வேறொருவரின் வீட்டில் வைக்கலாம். கழற்றி வைப்பது இன்றியமையாதது. 2023 சம்பவத்தின் பின்னர் அரசாங்க முகிலை நிர்வகித்தோரும் இணைப்பிலில்லாத அன்றாடக் காப்புப் பிரதி முறையையே கையிலெடுத்தனர். பிரதி செய்யும் கட்டளையில், இங்கு இல்லாததை அங்கும் அழித்துவிடும் தெரிவு சேராமற் பார்த்துக் கொள்ள வேண்டும். அவ்வன்றட்டிலிருந்து எழுந்தமானமாக ஐந்து கோப்புகளைத் திறந்து பார்ப்பதற்குக் கால் மணித்தியாலம் போதும். 2017 ஜனவரியில் கிட்லாப் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தவறான சேவையகத்திலே அழிப்புக் கட்டளையை இயக்கியபோது, எஸ்-3 இல் இருக்குமென நம்பப்பட்ட காப்புப் பிரதிகள் அங்கே இருக்கவேயில்லை என்பது அதன் பின்னரே தெரிய வந்தது. பிரதி எடுக்கும் நிரல் பல நாட்களாகத் தோல்வியடைந்து வந்ததை எவரும் திறந்து பார்த்திருக்கவில்லை.

கணக்கின் கடவுச்சொல்லை இரண்டாம் ஒருவரும் அறிந்திருத்தல் வேண்டும். இரண்டு ஆண்டுகள் பாவனையின்றிக் கிடக்கும் தனியார் கணக்குகளையும் அவற்றின் உள்ளடக்கத்தையும் அகற்றும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பர் முதல் செயற்படுத்துகின்றது. காலஞ்சென்ற செயலாளரின் பெயரில் திறக்கப்பட்ட கணக்கொன்று உங்கள் சங்கத்தில் இருக்குமாயின், அதில் கடைசியாக எவர், எப்போது உள்நுழைந்தார் என்பதை இந்த வாரமே விசாரித்துப் பார்க்கலாம்.